துண்டுச் சீட்டிலிருந்து விரல் ரேகை வரை

இந்த மாதப் பேச்சு சட்டத்தைப் பற்றியதுதான். ஆனாலும் அதை ஒரு சரித்திரமாகவே சொல்ல விரும்புகிறேன். வேலை செய்பவரைப் பற்றிய கடதாசி யாருடைய கையில் இருந்தது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அவருக்கு உரிமை இருந்ததா என்பதுதான் அந்தச் சரித்திரம்.

ஹெலன்ஸ்பர்க் என்றதும் எங்களில் அநேகருக்கு 1985இல் குடமுழுக்குக் கண்ட வெங்கடேஸ்வரர் கோயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் கோயிலுக்கு நூறு வருடங்களுக்கு முன்னரே, 1880களில், நிலக்கரிச் சுரங்கத்தால் எழுந்த ஊர் அது. அந்தக் காலத்துச் சுரங்கங்களில் கரி வெட்டுபவருக்கு வெட்டிய கரியின் நிறைக்கு ஏற்பத்தான் கூலி. தன் இலக்கம் பொறித்த வில்லையைத் தொட்டியில் தொங்கவிட்டு மேலே அனுப்புவார். மேலே கம்பனியின் ஆள் நிறுத்து ஏட்டில் பதிவார். ஏட்டில் உள்ளதுதான் கூலி. நிறுக்கும் இடத்தில் நடப்பது கீழே இருளில் நிற்பவருக்குத் தெரியாது. இதற்காகத் தொழிலாளர் நெடுங்காலம் போராடினார்கள். தங்கள் செலவில், தங்களுக்கென்று ஒரு நிறுவைக் கண்காணிப்பாளரை நியமிக்கும் உரிமையை 1860ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளருக்குக் கொடுத்தது. அந்த வழக்கம் நியூ சவுத் வேல்ஸ் சுரங்கங்களுக்கும் வந்து சேர்ந்தது. முதலாளியின் ஏட்டைத் தொழிலாளி பார்க்கலாம் என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது.

அதே காலத்தில் இலங்கையின் மலையகத்தில் எங்கள் மக்களின் நிலை வேறாக இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் கங்காணியின் கீழ் கடனோடுதான் வேலையைத் தொடங்கினார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் துரையிடமிருந்து ஒரு சீட்டு வேண்டும். இத்தனை பேருக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்கும். அதன் பெயர் துண்டு. ஆங்கிலேயரின் அறிக்கைகளிலும் சட்டங்களிலும் அந்தத் தமிழ்ச் சொல்லே அப்படியே ஏறியது. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். அந்தக் கடன் மறுபடியும் அவர்கள் தலையிலேயே விழும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை முறையும் வந்தது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த வில்லையை அணிந்துகொண்டே தொழிலாளி இலங்கைக்குப் பயணமானார். துண்டு முறையை 1921இல்தான் சட்டம் தடை செய்தது.

தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபம் முகாமின் வழியாகப் போனார்கள். பல பத்தாண்டுகளின் பின்னர் அதே மண்டபம் முகாமில், எதிர்த்திசையில் வந்த ஈழத்து அகதிகளின் பெயர்கள் பதியப்பட்டன. பட்டியல் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் வீடு தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. வாக்களிப்பதற்காகக் கொடுத்த பெயரும் முகவரியும் வீட்டைக் கொளுத்துவதற்குப் பயன்பட்டன. ஒரு தேவைக்குக் கொடுத்த விபரத்தை வேறொரு தேவைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி இன்று உலகத்தின் தனியுரிமைச் சட்டங்கள் பலவற்றுக்கு அடிப்படை. அது ஏன் வேண்டும் என்பதை நாங்கள் பட்டு அறிந்தவர்கள்.

அவுஸ்திரேலியாவிலும் இந்தச் சட்டம் ஒரு சச்சரவின் பின்னரே பிறந்தது. எல்லோருக்கும் ஒரு தேசிய அடையாள அட்டை கொடுக்க 1985இல் அரசு யோசித்தது. பலத்த எதிர்ப்புக்குப் பின்னர் 1987இல் அதைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக வரிக் கோவை இலக்கத்தை விரிவாக்கியபோது, 1988இல் தனியுரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றியது. தனியார் நிறுவனங்களுக்கு அது 2001 டிசம்பர் 21இல்தான் விரிந்தது. அப்போதும் இரண்டு விலக்குகளை வைத்தார்கள். ஆண்டு வருமானம் முப்பது இலட்சம் டொலருக்கு மேற்படாத பெரும்பாலான சிறு வியாபாரங்களுக்கு ஒரு விலக்கு. முதலாளி வைத்திருக்கும் ஊழியர் பதிவேடுகளுக்கு இன்னொன்று.

அரசாங்கமே தவறுவதும் உண்டு. 2014 பெப்ரவரியில், தடுப்பில் இருந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர், பிறந்த திகதி போன்ற விபரங்களைக் குடிவரவுத் திணைக்களம் தன் இணையத்தளத்தில் தவறுதலாக வெளியிட்டது. 2021 ஜனவரியில் தனியுரிமை ஆணையாளர், முறைப்பாட்டில் பங்குபற்றிய 1,297 பேருக்கு நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்மானித்தார். நாட்டை விட்டுத் தப்பி வந்தவருக்குத் தன் பெயர் வெளியில் தெரிவதே உயிராபத்து ஆகலாம்.

ஊழியர் பதிவேட்டு விலக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்விக்கு, குயின்ஸ்லாந்தின் ஒரு மர ஆலையில் எழுந்த வழக்கு பதில் தந்தது. 2017இல் சுப்பீரியர் வூட் என்ற அந்த நிறுவனம், வரவைப் பதிய விரல் ரேகைக் கருவியைக் கொண்டுவந்தது. ஜெரமி லீ என்ற தொழிலாளி தன் ரேகையைக் கொடுக்க மறுத்தார். 2018 பெப்ரவரியில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். முதல் விசாரணையில் அவர் தோற்றார். மேன்முறையீட்டில், 2019 மே 1ஆம் திகதி, ஃபெயார் வேர்க் ஆணைக்குழுவின் முழு அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. விலக்கு ஏற்கனவே கையில் இருக்கும் பதிவுகளுக்குத்தான், புதிதாகச் சேகரிப்பதற்கு அல்ல என்றது. வேலை போகும் என்ற மிரட்டலின் கீழ் கொடுக்கும் சம்மதம் உண்மையான சம்மதம் ஆகாது என்றும் சொன்னது.

சிறு கடைகளுக்குப் பல வருடம் கணக்கு எழுதியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லவேண்டும். இன்று எங்களில் பலர் முதலாளிகள். பலசரக்குக் கடை, உணவகம், துப்புரவு ஒப்பந்தம் என்று நடத்துகிறார்கள். புதிதாக வந்த, தற்காலிக விசாவில் இருக்கும் எங்கள் பிள்ளைகளே அங்கே வேலைக்கு வருகிறார்கள். பூட்டில்லாத லாச்சியில் கடவுச்சீட்டுப் பிரதிகள் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். “எங்கட பெடியன்தானே” என்று சம்பளச் சிட்டை கொடுக்காத கடைகளையும் கண்டிருக்கிறேன்.

கடை சிறியதென்று எல்லாச் சட்டமும் விலகி நிற்காது. வரிக் கோவை இலக்கத்தைப் பாதுகாக்கும் விதி சிறு கடைக்கும் உண்டு. சம்பளப் பதிவுகளை ஏழு வருடம் வைத்திருக்கவேண்டும். சம்பளம் கொடுத்து ஒரு வேலைநாளுக்குள் சிட்டை கொடுக்கவேண்டும். ஊழியர் தன் பதிவைக் கேட்டால் காட்டவேண்டும். 2017இன் திருத்தத்தின்படி, இந்தப் பதிவுகள் இல்லாத முதலாளி மீது சம்பள வழக்கு வந்தால், ஊழியர் சொல்வது பிழையென்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. நியூ சவுத் வேல்ஸின் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, கண்காணிப்புக் கமரா பூட்டுவதென்றால் ஊழியருக்குப் பதினான்கு நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்கவேண்டும். விசாவைக் காட்டி ஒருவரைப் பயமுறுத்தி வேலை வாங்குவது 2024 ஜூலையிலிருந்து குற்றம். ஒருவரின் தனிமையில் வேண்டுமென்றோ பொறுப்பற்ற விதமாகவோ பாரதூரமாகத் தலையிட்டவர் மீது, 2025 ஜூன் 10இலிருந்து நேரடியாக வழக்குத் தொடரலாம். அதற்குச் சிறு வியாபாரம் என்ற விலக்கு இல்லை.

துண்டு, தொழிலாளியைக் கட்டிவைத்த கடதாசி. சம்பளச் சிட்டை அவரைக் காப்பாற்றும் கடதாசி. முதல் வகையைக் குறைத்து இரண்டாவதை ஒழுங்காகக் கொடுப்பதுதான் இந்தச் சட்டங்கள் எல்லாம் எங்களிடம் கேட்பது. கடவுச்சீட்டை வாங்கி வைக்காதீர்கள். விசா நிபந்தனையைக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையச் சேவையிலேயே சரிபார்க்கலாம். சேர்த்த பிரதிகளைப் பூட்டி வையுங்கள், தேவை முடிந்தபின் அழித்துவிடுங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள், முதலாளியோ தொழிலாளியோ, 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் என்று சொல்லி, ஃபெயார் வேர்க் ஒம்புட்ஸ்மனின் 13 13 94 இலக்கத்தோடு இணைக்கும்படி கேளுங்கள்.