விங்கர் புராணம்

டிஸ்கி: ஃபுட்பால் தெரியாதவங்களும் படிக்கலாம். ஆஃப்சைடுன்னா என்னன்னு பாடம் எடுக்க மாட்டேன், பயப்படாதீங்க.

போன மாசம் ஆபீஸ்ல அப்ரைசல் நடந்துச்சு. எங்க டமேஜர் (மேனேஜரைத்தான் சொல்றேன்) என் டீம்ல இருக்கற ஒரு பையனைப் பத்தி ஒரே வரியில தீர்ப்பு எழுதிட்டார்: திறமைசாலி, ஆனா நிலையா இல்ல. அந்த வரியைப் படிச்சதும் ஆணி புடுங்கற வேலையெல்லாம் மறந்து மனசு திருவொற்றியூர் கிரவுண்டுக்கு ஓடிடுச்சு. இதே வரியை பதினஞ்சு வருஷம் முன்னாடி எங்க டீம்ல ரைட் விங்குல ஆடின ஒருத்தனைப் பத்தி நானே சொல்லியிருக்கேன். ஒரு தடவை இல்ல, வாராவாரம்.

வடசென்னைன்னா சினிமாக்காரங்களுக்கு பாக்ஸிங், கேரம் போர்டு, இல்லைன்னா அருவா. 'பிகில்' வந்தப்புறம்தான் இங்க ஃபுட்பாலும் உண்டுன்னு ஊர்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சுது. உண்மையில இந்த ஏரியாவுல ஃபுட்பால் தொழிற்சாலை சங்கோட சேர்ந்து வளர்ந்த ஆட்டம். ராயபுரம் ஸ்டேஷன்ல 1856-லயே ரயில் ஓட ஆரம்பிச்சாச்சு. பெரம்பூர்ல பக்கிங்ஹாம் மில்லு, கர்நாடிக் மில்லு. அப்புறம் துறைமுகம், 1955-ல ஐ.சி.எஃப்., அதே சமயத்துல எண்ணூர்ல அசோக் லேலண்ட், திருவொற்றியூர்ல என்ஃபீல்டு. ஷிப்ட் முடிஞ்சு வர்ற ஆம்பளைங்க, ஒரு பந்து, கொஞ்சம் காலி மண்ணு. வேறென்ன வேணும்?

ஆட்டம் நல்லா வந்தா வேலை கிடைக்கும். ரயில்வே, ஐ.சி.எஃப்., துறைமுகம், வங்கிகள்னு எல்லா இடத்துலயும் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு. அதனால எங்க ஏரியாவுல ஒரு பையன் பால் நல்லா ஆடறான்னா அம்மாக்காரி கண்ணுல தெரியறது கோப்பை இல்ல, மாசச் சம்பளம், பி.எஃப்., குவார்ட்டர்ஸ். இதை மனசுல வச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

சரி, விங்கர் கதைக்கு வருவோம். விங்கர்னா கோட்டு ஓரமா நிக்கறவன். எதிரி டிஃபெண்டரை ஏமாத்திட்டு ஓடணும், உள்ள கிராஸ் போடணும், இல்ல வெட்டி உள்ள வந்து அடிக்கணும். நடுவுல ஆடறவன் பத்து பாஸ் கொடுத்தா ஒம்போது ஒழுங்காப் போகும், ஏன்னா அவன் வேலை பத்திரமா கொடுக்கறது. விங்கர் பத்து தடவை முயற்சி பண்ணா ஆறேழு தடவை பந்து போயிடும். அந்த மிச்ச மூணுலதான் மேட்ச் ஜெயிக்கும். ஆனா பாக்கறவனுக்கு போன ஏழுதான் ஞாபகம் இருக்கும். எஞ்சினியரிங் படிச்ச பாவத்துக்கு ஒரு வார்த்தை சொல்றேன்: இது சராசரியை வச்சு அளக்கற வேலையே இல்ல.

உலகத்துக்கே இதைக் காட்டினவர் பிரேசில்காரர் கரிஞ்சா. அவர் கதை எனக்கு ஏன் பிடிக்கும்னா, அவரும் நம்மாளு. பாவ் கிராண்டின்னு ஒரு மில் ஊர்ல பொறந்தவர். வெள்ளைக்காரங்க நடத்தின துணி மில்லு, ஊரே அந்த மில்லுக்குச் சொந்தம். சின்ன வயசுலயே வேலைக்குச் சேர்ந்தார். வேலையில சுத்த மோசம், தூங்கி வழிவாராம். ஆனா மில் டீமுக்கு அவர் வேணும், அதனால வேலையில வச்சிருந்தாங்க. பெரம்பூர் மில்லுல நடந்த கதைன்னு சொன்னாலும் நம்பிடலாம் இல்ல? வளைஞ்ச கால், ஒரு கால் இன்னொண்ணைவிடக் குட்டை. அந்தக் காலை வச்சுக்கிட்டு எப்பவும் வலது பக்கமே போவார். போவார்னு எதிரிக்குத் தெரியும், தெரிஞ்சும் தடுக்க முடியாது.

1958 உலகக்கோப்பைக்குக் கொஞ்ச நாள் முன்னாடி இத்தாலியில ஃபியோரென்டினாவோட ஒரு நட்பு ஆட்டம். கரிஞ்சா டிஃபெண்டர்களை ஒவ்வொருத்தரா தாண்டி, கோல்கீப்பரையும் தாண்டிட்டார். காலி கோல். தட்டிவிட வேண்டியதுதான். மனுஷன் நின்னு, திரும்ப ஓடிவந்த டிஃபெண்டரை இன்னொரு தடவை ஏமாத்திட்டு அப்புறம் பந்தோட உள்ள நடந்து போனார். ஜனம் சிரிச்சுது, பிரேசில்காரங்களே கடுப்பாயிட்டாங்க. பொறுப்பில்லாத பயன்னு பேராச்சு. டீமோட வந்த மனோதத்துவ நிபுணரும் இவர் சரிப்பட மாட்டார்னு சொல்லிட்டார் (அதே ஆள் 17 வயசு பெலேவையும் வேணாம்னார், அது தனிக் காமெடி). உலகக்கோப்பையில முதல் ரெண்டு மேட்ச்லயும் கரிஞ்சா ஆடல.

மூணாவது மேட்ச் ஜூன் 15, சோவியத் யூனியனோட. கோச் ஃபியோலா கரிஞ்சா, பெலே ரெண்டு பேரையும் இறக்கினார். ஆரம்பிச்ச உடனே கரிஞ்சா வலது பக்கமா போய் அடிச்சது போஸ்ட்ல பட்டுச்சு. அடுத்து பெலே அடிச்சதும் போஸ்ட்ல. மூணாவது நிமிஷத்துல வாவா கோல். பிரேசில் 2-0. ஃபைனல்ல ஸ்வீடனோட 5-2 ஜெயிச்சப்போ, முதல் ரெண்டு கோலும் கரிஞ்சா வலது பக்கமா போய்க் கொடுத்த பந்துலதான் வாவா அடிச்சார்.

எல்லாரும் இதை "கரிஞ்சா மாயம்"னு சொல்லி முடிச்சிடுவாங்க. நான் பாக்கச் சொல்றது எதிர்ப்பக்கம். இடது விங்குல ஆடின ஜகாலோ. அவருக்குப் பட்டப்பேரே குட்டி எறும்பு. பந்து போச்சுன்னா உடனே பின்னாடி ஓடிவந்து நடுக்களத்துல மூணாவது ஆளா நிப்பார். ஒரு பக்கம் எறும்பு இருந்ததாலதான் இன்னொரு பக்கம் வெட்டுக்கிளி குதிக்க முடிஞ்சுது. கரிஞ்சாவைத் திருத்தி ஜகாலோ ஆக்கணும்னு பிரேசில் நினைக்கல. கரிஞ்சா பந்தை இழந்தா என்ன பண்றதுன்னு யோசிச்சு மிச்சப் பத்துப் பேரை நிக்க வச்சாங்க. 1962-ல பெலே ரெண்டாவது மேட்ச்லயே காயம் பட்டு உட்கார்ந்தப்போ, அந்தக் கோப்பையைத் தூக்கிட்டு வந்தது இந்தப் பொறுப்பில்லாத ஆளுதான். கால் இறுதியில இங்கிலாந்தோட ரெண்டு கோல், அரை இறுதியில சிலியோட ரெண்டு கோல்.

ஆனா கிரவுண்டுக்குள்ள அவருக்காக இவ்வளவு யோசிச்சவங்க, கோட்டைத் தாண்டி வெளிய வந்ததும் கைவிட்டுட்டாங்க. குடி. 1983-ல 49 வயசுல செத்துப்போனார். ஒருத்தன்கிட்டேர்ந்து பெஸ்ட்டைக் கறக்கறதும், ஒருத்தனைப் பாத்துக்கறதும் ஒண்ணு இல்ல. இதையும் மனசுல வச்சுக்குங்க.

இப்ப நம்ம ஊர். நந்தகுமார் சேகர், சென்னைப் பையன். சென்னை லீக்ல ஹிந்துஸ்தான் ஈகிள்ஸ், அப்புறம் ஐ-லீக்ல சென்னை சிட்டி, 2017-ல ஐ.எஸ்.எல்.லுக்கு டெல்லி டைனமோஸ். அந்த டீமே 2019-ல புவனேஸ்வருக்கு மூட்டை கட்டி ஒடிசா எஃப்.சி. ஆச்சு, இவரும் கூடவே போனார். வேகம் இருக்கு, ஒத்தைக்கு ஒத்தை ஆளைத் தாண்டற திறமை இருக்கு. ஆனா ஒரு மேட்ச்ல பட்டாசு, அடுத்த மேட்ச்ல எங்க இருக்கார்னே தெரியாது. நானே டிவி முன்னாடி உக்காந்து திட்டியிருக்கேன்.

ஒரு நாள் சும்மா ஒரு எக்செல் ஷீட் போட்டேன் (வேலை நேரத்துலதான், ஹி ஹி). 2017-லேர்ந்து 2023 வரைக்கும் இவர் ஆடின ஆறு சீசன்ல டீமுக்கு யார் யார் கோச்சுன்னு. மிகேல் ஏஞ்சல் போர்ச்சுகல், ஜோசப் கோம்பாவு, ஸ்டூவர்ட் பேக்ஸ்டர், ஜெரி பெய்டன், கிகோ ராமிரெஸ், கினோ கார்சியா, திரும்ப கோம்பாவு, கடைசியா கிளிஃபோர்ட் மிராண்டா. இடைக்கால ஆளுங்களையும் சேர்த்தா ஆறு சீசன்ல இத்தனை பேரு! ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஸ்பெக்கோட வருவாங்க. ஒருத்தர் கோட்டு ஓரமா நில்லும்பார், இன்னொருத்தர் உள்ள வாம்பார், மூணாமத்தவர் முதல்ல டிஃபென்ஸ் பாரும்பார். இதுல நிலையில்லாதது யாருங்க?

2022-23 சீசன்ல, ஏற்கெனவே இவரைத் தெரிஞ்ச கோம்பாவு திரும்பி வந்தார். நடுவுல டியேகோ மவுரிசியோ, அந்த சீசன் 12 கோல் அடிச்ச ஆளு. எதிரி டிஃபென்ஸ் அவரையே பாத்துக்கிட்டு நிக்கும், ஓரத்துல இடம் கிடைக்கும். நந்தா லீக்ல மட்டும் 6 கோல். அதுக்கு முந்தின எந்த சீசன்லயும் லீக்ல இத்தனை அடிச்சதில்ல. ஒடிசா அப்பதான் முதல் தடவையா பிளே-ஆஃப் போச்சு. ஏப்ரல் 2023-ல சூப்பர் கப்பும் ஜெயிச்சாங்க. அதே வருஷம் இந்திய அணிக்கும் ஆடிட்டார்.

அடுத்து ஈஸ்ட் பெங்கால், கோச் கார்லஸ் குவாத்ராத். 2023 ஆகஸ்ட் 12, டுராண்ட் கப், கொல்கத்தா டெர்பி. மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சு நாலரை வருஷம் ஆகியிருந்துச்சு. 60-ஆவது நிமிஷம் நந்தா ஆளைத் தாண்டி உள்ள வெட்டி வளைச்சு அடிச்சார். 1-0. நடுராத்திரி வரைக்கும் அந்தக் கோலை ரீப்ளே போட்டுப் பாத்து வீட்ல திட்டு வாங்கினேன். அரை இறுதியில நார்த் ஈஸ்ட் யுனைடெட்டோட 0-2 பின்தங்கி, கடைசி மூச்சுல சமன் பண்ணின கோலும் இவருதுதான். 2024 ஜனவரி சூப்பர் கப்ல மறுபடி மோகன் பகானோட ஒரு கோல், ஃபைனல்ல பழைய டீம் ஒடிசாவோட ஒரு கோல். 3-2. ஈஸ்ட் பெங்காலுக்கு 12 வருஷம் கழிச்சு ஒரு தேசியக் கோப்பை.

அதே சீசன் ஐ.எஸ்.எல். பட்டியல்ல அந்த டீம் எத்தனாவது இடம் தெரியுமா? ஒம்போதாவது :-) கப்ல ராஜா, லீக்ல காணோம். டீமுக்கே இப்படின்னா விங்கரை மட்டும் கூண்டுல ஏத்தி என்ன பிரயோஜனம்?

இப்ப எங்க திருவொற்றியூர் ரைட் விங்கர். பேரு வேணாம். நான் அவனுக்குப் பின்னாடி ரைட் பேக். அவன் நல்லா ஆடற நாள்ல, கிரவுண்டு ஓரத்துல மீன் வித்துட்டு வர்ற ஆயாங்க கூட கூடையை இறக்கி வச்சுட்டு நின்னு பாக்கும். ஆடாத நாள்ல எங்க கோச் அண்ணன் (ஃபேக்டரியில ரிட்டயர் ஆனவர், எங்க எல்லாருக்கும் அண்ணன்தான்) பீடியைப் பத்த வச்சுக்கிட்டு, "போனா போவுது, திரும்ப எட்த்துனு போ"ன்னு மட்டும் சொல்வார். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டார்.

பேசினது நான். "டேய், பாஸ் குட்றா! எத்தினி வாட்டி வுடுவ?" ஒவ்வொரு தடவை அவன் பந்தை இழக்கும்போதும் எதிரி என் மேல ஓடி வருவான், அந்தக் கோவம். அதனால ஒரு தடவை கூட அவன் வெளிப்பக்கமா நான் தாண்டி ஓடினதில்ல. ஓடியிருந்தா டிஃபெண்டர் ரெண்டு பேர்ல ஒருத்தன் என்கூட வந்திருப்பான், அவனுக்கு ஒத்தைக்கு ஒத்தை கிடைச்சிருக்கும். நான் பத்திரமா பின்னாடியே நின்னேன். என் ஆட்டம் ரொம்ப நிலையான ஆட்டம்!

ப்ளஸ் டூ முடிச்ச வருஷம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஒரு செலெக்ஷன் ட்ரயல். எந்த இடம்னு சொல்லல. ரெண்டு பேரும் போனோம், ஒரே பக்கம் போட்டாங்க. முதல் தடவை தாண்டப் பாத்தான், போச்சு. ரெண்டாவது தடவை, போச்சு. நான் பழக்கதோஷத்துல கத்தினேன், செலெக்டர் காதுல விழற மாதிரி. மூணாவது தடவை அவன் ஆளைத் தாண்டவே முயற்சி பண்ணல, திரும்பி எனக்கு பாஸ் கொடுத்துட்டான். அவன் பயந்து நான் பாத்தது அன்னிக்கு ஒரு நாள்தான். இருபது நிமிஷத்துல வெளிய கூப்பிட்டுட்டாங்க. நானும் செலெக்ட் ஆகல, ஆனா எனக்கு எஞ்சினியரிங் சீட்டு இருந்துச்சு. அவனுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு.

இப்ப அவன் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டறான். எண்ணூர் ரோட்டுல லாரி வரிசை நிக்கும்போது சில நாள் பாப்பேன். நான் விம்கோ நகர் மெட்ரோவுக்குப் போற வழி அது. கை காட்டுவான், "இன்னா எஞ்சினியரே"ம்பான். அந்த ட்ரயல் பத்தி ரெண்டு பேரும் இதுவரைக்கும் பேசினதில்ல.

அப்ரைசல் முடிஞ்ச வாரம், ஞாயித்துக்கிழமை காலையில கிரவுண்டு பக்கம் போனேன். வண்டி இல்லாத ஞாயிறுன்னா சின்னப் பசங்களுக்கு அவன்தான் கோச். ரைட் விங்குல பத்துப் பன்னெண்டு வயசுல ஒரு வாண்டு, தொடர்ந்து நாலு தடவை பந்தை விட்டுட்டான். இவன் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினான். விங்கர் பையன் தலையைக் குனிஞ்சு நிக்கறான், திட்டு விழப்போவுதுன்னு. இவன் அவன் பக்கம் திரும்பக்கூட இல்ல. பின்னாடி நின்ன ரைட் பேக்கைக் கூப்பிட்டு, தோள்ல கை போட்டு, கோட்டு ஓரத்தைக் காட்டினான்.

"அவன் பால் எட்த்தா நீ சும்மா நிக்காத. அந்தாண்ட ஓடு. பால் வராது, பரவால்ல. நீ ஓடு."

நான் வேலிக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். திங்கக்கிழமை டமேஜர்கிட்ட போய் அந்தப் பையனோட அப்ரைசலைத் திரும்பத் திறக்கச் சொல்லிட்டேன். முடியாதுன்னார். இந்த வாரமும் கேக்கப் போறேன்.