பாதி வெண்பா

சொல் விளையாட்டு வளர்ப்பது அறிவையா, நட்பையா? நட்பைத்தான் என்கிறேன் நான்!

ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21-ல் ‘நியூயார்க் வேர்ல்ட்’ இதழில் குறுக்கெழுத்துக் கட்டம் போட்டார். அதைத் தனியா உட்கார்ந்தே நிரப்பிடலாம். நம்ம இரட்டைப் புலவர்கள் விளையாட்டு அப்படியில்லீங்க!

ஒருவருக்குக் கண் தெரியாது. இன்னொருவருக்குக் கால் நடக்காது. பார்வையில்லாதவர் தோளில் நடக்க முடியாதவர் ஏறிக்கொள்ள, ஊர் ஊராகப் போனார்கள் என்பது வழிவழிச் செய்தி. ஒருவர் வெண்பாவில் முதல் இரண்டடியைக் கேலியாகப் போடுவார், அது புதிர். மற்றவர் அடுத்த இரண்டடியில் முடிப்பார், அது விடை. எதுகையும் தப்பாது, சிரிப்பும் தப்பாது!

பாட்டில் மட்டுமா பாதி? நடையில் பாதி, பார்வையில் பாதி! மீதியை நிரப்பியது அகராதி இல்லீங்க, நண்பர்!