வழக்கறிஞர்களுக்கான பன்னாட்டு மனித உரிமைப் பயிற்சி

உள்நாட்டில் நீதி கிடைக்காதவர்களின் முறையீட்டை ஐக்கிய நாடுகள் குழுக்களிடமும் வட்டார மனித உரிமை நீதிமன்றங்களிடமும் கொண்டுசெல்ல வழக்கறிஞர்களை ஆயத்தப்படுத்தும் தொழிற்கல்வி இது. வழக்கறிஞர்களுக்கு மனித உரிமைக் கல்வி கிடைக்கச் செய்யும் பொறுப்பு அரசுகள், வழக்கறிஞர் சங்கங்கள், கல்வி நிறுவனங்கள் ஆகிய மூன்றுக்கும் உண்டு என்று 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகள் கூறுகின்றன.

பாடப்பொருள்

மனு விசாரணைக்கு ஏற்கத்தக்கதா என்ற கேள்வியே பயிற்சியின் மையம். உள்நாட்டுப் பரிகாரங்களை முயன்று பார்த்த பின்னரே பெரும்பாலும் பன்னாட்டு அமைப்பை அணுக முடியும். உள்நாட்டில் எழுப்பாத குறையை அங்கே முதன்முறையாக எழுப்பினால் மனு தள்ளுபடியாகும். காவலில் அடிபட்டவரின் காயங்களை மாஜிஸ்திரேட்டிடம் பதிவு செய்வதும் மருத்துவப் பரிசோதனை கோருவதும் கீழமை நீதிமன்ற வழக்கறிஞரின் வேலை. அன்று அது விடுபட்டால், பின்னால் வரும் எத்தனை திறமையான வழக்கறிஞராலும் ஈடுசெய்வது கடினம். அதனால் இப்பயிற்சி தலைநகரத்து நிபுணர்களோடு நின்றுவிடக் கூடாது. சித்திரவதைச் சான்றுகளை ஆவணப்படுத்த 1999இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை இதற்கான அடிப்படை நூல்.

நடைமுறை நுணுக்கங்களும் கற்பிக்கப்படுகின்றன. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் மனு செய்யும் காலக்கெடு, 2022 பிப்ரவரி 1 முதல் 6 மாதத்திலிருந்து 4 மாதமாகக் குறைந்தது. அதன் விதி 47 கேட்கும் படிவமோ தீர்ப்பு நகல்களோ குறைந்தால், அனுப்பிய மனு காலக்கெடுவை நிறுத்தாது. அங்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை ஏற்பு நிலையிலேயே வீழ்கின்றன.

திட்டங்கள்

ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையர் அலுவலகமும் பன்னாட்டு வழக்கறிஞர் சங்கமும் இணைந்து 2003இல் நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், வழக்கறிஞர்களுக்கான கையேட்டை வெளியிட்டன. ஐரோப்பிய மன்றத்தின் 'ஹெல்ப்' திட்டம் இணையவழியில் இலவசப் பாடங்களை நடத்துகிறது.

வரம்புகள்

சாதகமான முடிவு கிடைத்தாலும் அதை நிறைவேற்றுவது தனிப் போராட்டம். குடியியல், அரசியல் உரிமை உடன்படிக்கையின் முதலாம் விருப்ப நெறிமுறையில் இலங்கை 1997இல் இணைந்தது. வாக்குமூலத்தின் அடிப்படையில் தண்டிக்கப்பட்ட தமிழ்க் கைதி ஒருவருக்கு 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு ஆதரவாகக் கருத்துரைத்தது. அந்த இணைவுக்கு உள்நாட்டில் சட்ட வலு இல்லை என்று 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவரது மனுவைத் தள்ளியது.

இந்தியா இந்நெறிமுறையில் இணையவில்லை. ஆயினும் 1991இல் அமைந்த, எதேச்சையான தடுத்துவைப்பு குறித்த ஐ.நா. பணிக்குழுவை இந்திய வழக்கறிஞர்கள் அணுகலாம். உள்நாட்டுப் பரிகாரங்கள் தீரும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த நாட்டுக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே இப்பயிற்சியின் முதல் பாடம்.