சிவகாசிச் சிறுவர்களும் உச்ச நீதிமன்றமும்

ஆலை முதலாளிகளை எதிர்த்து எளிய வழக்கறிஞர் வாதாடுவதைத் திரைப்படங்களில் காண்கிறோம். சிவகாசியின் பொருட்டு உண்மையிலேயே ஒரு வழக்கு நடைபெற்றது.

பதினான்கு வயது நிரம்பாதோரைத் தொழிற்சாலையில் அமர்த்தலாகாது என்பது அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு. ஆயினும் தீப்பெட்டி ஆலைகளில் சிறுவர் உழைத்தனர். 1986-இல் வழக்கறிஞர் எம். சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். 1990-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, உற்பத்தியிடத்திற்கு அப்பால் பொதிகட்டும் வேலையை மட்டும் சிறுவர்க்கு அனுமதித்தது.

பின்னர்ப் பட்டாசு ஆலை விபத்தொன்றில் பலர் மாளவே, மன்றம் தானாகவே அப்பொருளை மீண்டும் ஆராய்ந்தது. சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு சிறுவருக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. அச்சிறுவர் குடும்பத்தில் வயதுவந்த ஒருவர்க்கு வேலை தேடித்தர அரசையும் பணித்தது. வறுமை நீங்காவிடில் பிள்ளை மீண்டும் ஆலைக்கே செல்லும் அன்றோ?