கண்டி இரும்பும் கணநேர வெப்பமும்

கண்டி இராச்சியத்திலே 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டு வாழ்ந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலே, அந்நாட்டார் இரும்பு எடுத்த முறையை விரித்துரைத்துள்ளார். பானைபோல் மேற்புறம் குடைந்து மான்தோல் போர்த்த இரு மரக்கட்டைகளே அவர்தம் துருத்தி. ஒருவன் அவற்றின்மீது நின்று கால்மாறி மிதிக்க, நாணற் குழாய்கள் வழியே காற்று உலையினுட் பாயும். கசடு உருகி ஓடியபின், எஞ்சிய இரும்புக் கட்டியை வெளியே தள்ளி, கோடரியாற் பாதியளவு பிளந்து, நீரிலே எறிவர். இரும்பு நல்லதென வாங்குவோர் கண்டு தெளிதற்பொருட்டே அவ்வாறு பிளந்தனர் என்கிறார் நொக்ஸ்.

நீரில் வீழ்ந்த கட்டியினுள் நிகழ்ந்தது யாது? மேற்பரப்பு விரைந்து குளிர்ந்து சுருங்க முயலும். சூடு தணியாத உட்பகுதி அதனைத் தடுக்கும். இவ்விழுபறியால் எழுவதே வெப்பத் தகைப்பு. வெப்பத்தின் மிகுதியன்று, அதன் சமனின்மையே இதற்குக் காரணம். பக்கவாட்டில் விரிய இடமற்ற உருக்கின் மேற்பரப்பு 100 பாகை சதமளவு சூடேறினால், சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 3,400 கிலோகிராம் எடைக்கு ஒப்பான தகைப்பு உண்டாகும். மெல்லுருக்கு நிலையாக உருக்குலைய அதனிற் குறைந்த தகைப்பே போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முப்பதுகளில் பிரெஞ்சுக் கணித அறிஞர் டுகாமெல் இதற்குச் சமன்பாடுகள் வகுத்தார். 1960 இல் மெய்மான் முதலாவது லேசரை இயக்கியபின், அச்சமன்பாடுகள் புதியதொரு சோதனைக்கு உட்பட்டன. செக்கனின் பத்துக்கோடியில் ஒரு பங்கு நேரமே நிலைக்கும் லேசர்த் துடிப்பு இரும்பின்மேற் படுமாயின், அந்நேரத்துள் வெப்பம் மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்களவு ஆழத்துக்கே செல்லும். சூடேறிய மென்படை விரிய முயல, கீழுள்ள குளிர்ந்த உலோகம் அதனை இறுக்கிப் பிடிக்கும். இத்தகைய திடீர்ச் சூட்டினால் உலோகத்தினுள் மீள்தன்மை அலைகள் எழுதலை 1963 இல் வைற் என்பார் விளக்கினார். கட்டியிலே குளிர்ந்த புறப்பகுதி இழுபட்டது. இங்கே சூடேறிய புறப்பகுதி நெருக்குண்கிறது. திசை வேறு, விதி ஒன்றே.

கண்டிப் பகுதியின் பழைய உலைகள் இறக்குமதி இரும்பின்முன் நலிந்தன. அந்நாட்டுக் கைவினைகளைப் பற்றி எஞ்சிய செய்திகளை ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பொருள்படும் ஆங்கில நூலிலே தொகுத்துக் காத்தார். எனினும், எந்த நிறச் சூட்டில் கட்டியைப் பிளக்கலாம், எப்பொழுது நீரிலிடலாம் என்பவற்றை நொக்ஸ் எழுதவில்லை. அவ்வறிவு உலைக்களத்தாரின் கண்ணிலும் கையிலுமே இருந்தது. தொழில் அழிய, அதுவும் உடனழிந்தது. அதே மலைநாட்டிலே, பேராதனையில், இன்று பொறியியல் மாணவர் தகைப்பின் சமன்பாடுகளைப் பயில்கின்றனர். எழுதப்பட்ட அறிவு கடல் கடந்தும் வந்து சேர்ந்தது. எழுதப்படாத அறிவோ பிறந்த ஊரிலேயே மறைந்தது.