வ.உ.சி. ஏன் வெளிநாட்டில் கப்பல் வாங்கினார்?



வ.உ.சி. பாடம் நடத்தும்போது ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும்: "சார், சுதேசிக் கம்பெனிக்கு எதற்கு பிரான்ஸ் கப்பல்?" பாட நேரம் போதாமல் அன்று மழுப்பிவிட்டேன். இன்று சொல்கிறேன்.

கப்பல் கட்டத் தெரியாத நாடல்ல இது. 1736-ல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த லவ்ஜி வாடியாவின் வம்சத்தார் தேக்கு மரத்தில் கட்டிய கப்பல்களை ஆங்கிலேயக் கடற்படையே வாங்கியது. 1817-ல் அவர்கள் கட்டிய 'டிரிங்கோமலி' இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. திருகோணமலையின் பெயர்தான் அது!

நம் கப்பல்கள் லண்டன் போனதும் அங்குள்ள கப்பல் முதலாளிகள் கொதித்தார்கள். இந்திய மாலுமிகளை பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கருதக் கூடாது என்று 1823-ல் சட்டமே வந்தது. பிறகு இரும்பும் நீராவியும் வந்தன. இரும்பும் நிலக்கரியும் எந்திரமும் அவர்களிடம் இருந்தன. நம் தச்சர்களின் தேக்கு வேலைக்கு மதிப்புப் போயிற்று.

அதனால்தான் 1906-ல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி., 'காலியா', 'லாவோ' கப்பல்களை வெளியே வாங்க நேர்ந்தது. விசாகப்பட்டினத்தில் கட்டிய 'ஜல உஷா'வை நேரு கடலில் இறக்கியது 1948-ல்தான்.

ஓசூர் ஆலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, கைத்திறமை மட்டும் தொழிலைக் காப்பாற்றாது. புது எந்திரம் வரும்போது அதையும் கற்றுக்கொள்ளுங்கள். உங்களைப் பாதிக்கும் சட்டம் வரும்போது படித்துப் பாருங்கள்.

அன்று கேள்வி கேட்ட பிள்ளைகள் இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள்.