குந்தியாற்றைக் காத்த தொண்டர்கள்

பொகவந்தலாவையில் வாழும் எமக்கு ஆறு என்றவுடன் நினைவில் எழுவது கெசல்கமுவ ஓயாவே. மலையுச்சிக் காடுகளில் ஊற்றெடுத்து, தேயிலைச் சரிவுகளின் நீரையெல்லாம் சேர்த்துக்கொண்டு, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தங்கி, நோர்ட்டன் பிரிட்ஜைக் கடந்து, மஸ்கெலியா ஓயாவுடன் கலந்து, களனி கங்கையாகிக் கடலை அடைகின்றது அது. காசல்ரீ அணை 1965ஆம் ஆண்டில் முடிந்தது. இவ்வாற்று நீர் சுழற்றிய யந்திரங்கள் கொழும்பு வீதிகளுக்கு ஒளி தந்த நாட்களில், இதே ஆற்றங்கரை லயங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது என்பதைப் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இக்காலத்திலோ மாணிக்கக்கல் தேடிக் களவாகக் கரையைத் தோண்டுவோரால் ஆற்று நீர் சேறாகின்றது. ஆற்றைக் காப்பது யாருடைய பொறுப்பு என்ற கேள்வி எம் இளைஞர்களிடையே எழுவது இயல்பே. அதற்கு ஏட்டுப் பதில் கூறுவதிலும் பார்க்க, கடலுக்கு அப்பால் எம்மைப் போன்றதொரு மலைநாட்டில் நடந்த சரித்திரம் ஒன்றைச் சொல்வது நன்றெனக் கருதுகின்றோம்.

கேரள தேசத்தில், பாலக்காட்டுக்கு வடக்கே, நீலகிரி மலைத்தொடரின் மேற்கு ஓரத்தில் ஒரு பள்ளத்தாக்கு உண்டு. ஊரார் அதனைச் சைரந்திரி வனம் என்பர். விராட மன்னனின் அரண்மனையில் மறைந்து வாழ்ந்த திரௌபதி பூண்ட பெயரே சைரந்திரி. அவ்வனத்தின் நடுவே ஓடும் ஆற்றுக்குப் பாண்டவர் தாயின் பெயர், குந்திப்புழை என்பார்கள். வனவாச காலத்தில் பாண்டவர் இங்கு தங்கினர் என்பது அவ்வூர் மரபு. ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் அமைதிப் பள்ளத்தாக்கு என்கின்றோம். சில்வண்டின் ஓசை அங்கு கேட்பதில்லை என்பதால் அப்பெயர் வந்ததாகச் சிலர் கூறுவர். அங்கு வாழும் சிங்கவால் குரங்கின் விஞ்ஞானப் பெயரான ‘சைலனஸ்’ என்பதிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். எம்மைக் கேட்டால், சைரந்திரி என்ற பெயரே போதும்.

அந்தக் குரங்கைப் பற்றி இங்கு சிறிது சொல்லவேண்டும். கரிய உடலும், முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரியும், நுனியில் குஞ்சம் வைத்த வாலும் உடையது அது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் வாழ்வதில்லை. நிலத்தில் இறங்குவது அரிது. கிளைக்குக் கிளை தாவியே வாழும். ஆகவே மரங்களின் முகடு தொடர்ச்சியாக இருக்கவேண்டும்; இடையில் அறுந்தால் கூட்டம் கூட்டத்திலிருந்து பிரிந்துவிடும். அதற்குப் பெரிதும் உணவளிப்பது பலாவைப் போல முள் போர்த்த காய் காய்க்கும் வெடிப்பலா மரம். இம்மரத்தின் இனம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் எமது இலங்கையின் மழைக்காடுகளிலும் மாத்திரமே உண்டு. இரு நாட்டுக் காடுகளும் உடன்பிறந்தவை என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டுமோ?

இவ்வாற்றில் அணை கட்டலாம் என்று 1928ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் இடம் குறித்தனர். சுதந்திரத்தின் பின் கேரள மின்சார சபை அதனைக் கையில் எடுத்தது; 1973இல் இந்தியத் திட்டக் கமிஷன் அனுமதி வழங்கியது. முதற் கட்டத்தில் 120 மெகாவாட் மின்சாரம். ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் நிலத்துக்குப் பாசனம். இதற்காக நீரில் மூழ்கவிருந்த பரப்போ எட்டுச் சதுரக் கிலோமீற்றருக்குச் சற்று மேல். சிறிய இடந்தானே என்று தோன்றும். ஆயின் மூழ்கவிருந்தது ஆற்றோரக் காடு. பள்ளத்தாக்கின் இதயம் அது.

அணையை வேண்டியவர்களைக் கொடியவர்கள் என்று எழுதிவிடுவது எளிது, அது நீதியாகாது. மலபார்ப் பகுதி தொழிலும் வெளிச்சமும் குன்றிக் கிடந்தது. வேலை கேட்ட இளைஞர்கள், தொழிற்சங்கத்தார், பெரிய கட்சிகள் பலவும் அணையின் பக்கமே நின்றனர். குரங்கு பெரிதா, மனிதன் பெரிதா என்று அவர்கள் கேட்டனர். லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்களுக்கு அக்கேள்வியின் சூடு விளங்கும்.

இதற்கு விடை தேடியவர்கள் பெருஞ்செல்வரோ அதிகாரம் படைத்தோரோ அல்லர். பெரும்பாலோர் ஆசிரியர்கள். பையனூர்க் கல்லூரியில் விலங்கியல் போதித்த ஜோன் ஸி. ஜேக்கப், தாவரவியல் ஆசிரியரான எம். கே. பிரசாத், அப்பள்ளத்தாக்குக்கு நடந்தே சென்று திரும்பிக் கண்டதை ஊர் ஊராகச் சொன்ன சதீஷ் சந்திரன் நாயர் ஆகியோர் முன்னணியில் நின்றனர். 1962ஆம் ஆண்டில் விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் மக்களிடம் கொண்டுசெல்லவென ஆரம்பிக்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்து என்னும் தொண்டர் சங்கம் 1978இல் இவ்விடயத்தைத் தனதாக்கிக் கொண்டது. சங்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. அங்கத்தவருள் மின்சார சபை ஊழியர்களும் இருந்தார்கள். இருந்தும் பின்வாங்கவில்லை.

அவர்கள் செய்த வேலையில் எம்மை மிகவும் கவர்வது கூட்டமோ கோஷமோ அன்று, கணக்கே. ஐவர் சேர்ந்து 1979இல் ஓர் ஆய்வறிக்கை தயாரித்தார்கள்: தாவரவியலார் ஒருவர், பொறியியல் அறிந்தோர், பொருளாதாரம் அறிந்தவர் என. காடு அழகானது என்று மாத்திரம் சொல்லி அவர்கள் நின்றுவிடவில்லை. மலபாருக்கு வேண்டிய மின்சாரம் எவ்வளவு, கம்பி வழியே வரும்போது வீணாவதைக் குறைத்தால் மிஞ்சுவது எவ்வளவு, அனல் மின்னிலையம் போன்ற வேறு வழி உண்டா என்றெல்லாம் ஆராய்ந்து, இவ்வணையின்றியும் அம்மக்களுக்கு வெளிச்சம் கிடைக்கும் என வாதித்தனர். ஏழையின் தேவையை மறுக்காமல் ஆற்றுக்காக வழக்காடியது இவ்வறிக்கையின் தனிச்சிறப்பு.

கணக்கு அறிவை அசைத்தது. மனத்தை அசைக்கக் கவிஞர்கள் வந்தார்கள். கவியரசி சுகதகுமாரி ‘மரத்தினு ஸ்துதி’ என்ற கவிதையை எழுதினார். வைக்கம் முகம்மது பஷீர், ஓ. என். வி. குறுப்பு முதலியோரும் உடன் நின்றனர். ‘மரக்கவிகள்’ என்று பரிகசிக்கப்பட்டும் அவர்கள் சபைதோறும் பாடினார்கள். பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் சொற்பொழிவுகள் நடந்தன. மாணவர்கள் ஊர்வலம் போனார்கள்.

பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகவே கூறுவோம். 1979இல் வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது; தற்காலிகத் தடை கிடைத்தது; 1980 ஜனவரியில் அத்தடை நீங்கியது. எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணினர். அதே மாதம் மீண்டும் பிரதமரான இந்திரா காந்தி அம்மையார் இவ்விடயத்தில் அக்கறை காட்டினார். மத்திய, மாநில அரசாங்கங்கள் சேர்ந்து பேராசிரியர் எம். ஜி. கே. மேனன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தன. அதன் அறிக்கை 1983இல் வந்தது. அவ்வாண்டே திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15ஆம் திகதி பள்ளத்தாக்குத் தேசிய வனமாகப் பிரகடனம் பெற்றது. அதற்கு இரு வாரங்களின் முன் அம்மையார் கொலையுண்டிருந்தார். 1985 செப்டெம்பர் 7ஆம் திகதி அவர் மைந்தர் ராஜீவ் காந்தி அதனைத் திறந்துவைத்தார்.

அத்துடன் கதை முடிந்துவிடவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே ஆற்றில், சற்றுக் கீழே பாத்ரக்கடவு என்னுமிடத்தில், வேறோர் அணைத் திட்டம் தலைகாட்டியது. பழைய தொண்டர்கள் நரைத்த தலையோடு மறுபடி புறப்பட்டனர். 2007இல் வனத்தைச் சூழ 148 சதுரக் கிலோமீற்றர் பரப்புக் காவல் வலயமாக்கப்பட்டது. சுகதகுமாரி அம்மையார் 2020இலும், பிரசாத் அவர்கள் 2022இலும் காலமாயினர்.

எமது மலையகத்திலும் இதனையொத்த வழக்கொன்று நடந்ததை இளைஞர் பலர் அறியார். தலவாக்கலையில் கொத்மலை ஓயா வீழும் சென் கிளயர் நீர்வீழ்ச்சியை மேல் கொத்மலைத் திட்டம் வற்றச் செய்துவிடும் என்று சுற்றாடல் அமைப்புகளும் மலையக மக்களும் நெடுங்காலம் எதிர்த்து நின்றார்கள். எதிர்ப்பின் பயனாகத் திட்டம் உருமாறிச் சிறுத்தது, ஆயினும் நிற்கவில்லை. ஜப்பானின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2012இல் 150 மெகாவாட் மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. ஆற்றோரக் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்து புதிய வீடுகளுக்குச் சென்றன. நீர்வீழ்ச்சி முற்றாக மறைந்துவிடாதிருக்கப் பகற்பொழுதில் ஓரளவு நீரைத் திறந்துவிடுவது என்று ஏற்பாடாயிற்று. ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பாதையில் பஸ் வண்டி வளைவில் திரும்பும்போது, பாறையின் மேல் அந்த நீர் விழுவதைக் காணலாம்.